தோள் தாங்கும் தோட்டா: வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தக் காலிபர்?

வேட்டைத் துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது சக்திக் கணக்கைத்தான். எந்தத் தோட்டா எத்தனை ஜூல், எது எத்தனை மீட்டர் வரை தாழாமல் போகும், எது காட்டுப்பன்றியை அதே இடத்தில் சாய்க்கும் என்று அட்டவணை அட்டவணையாகப் புரட்டுவார்கள். அந்த அட்டவணைகளில் வராத ஒரு எண் இருக்கிறது. எவ்வளவு உதையை வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, விசையை நிதானமாக அழுத்த நம்மால் முடியும் என்பதுதான் அது. என்னைக் கேட்டால் காலிபர் தேர்வை, அதாவது எந்தத் தோட்டா வகை என்ற முடிவை, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நெஞ்சுக்கூட்டில் சரியான இடத்தில் பாய்ந்த சின்னக் குண்டு மானைச் சில நொடிகளில் வீழ்த்திவிடும். வயிற்றில் பட்ட பெரிய குண்டு அதை மணிக்கணக்கில் ஓடவிட்டு எங்கோ ஒரு புதரில் சாகடிக்கும்.

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிமத்தோடு வேட்டையாடுகிறவர்களுக்கான பேச்சு இது. மான் முதல் மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) வரையிலான விலங்குகள், 300 மீட்டருக்கு உட்பட்ட தூரம், அவ்வளவுதான் இங்கே கணக்கு. யானை, ஆப்பிரிக்க எருமை போன்றவற்றுக்கு விதிகளும் வேறு, தோட்டாக்களும் வேறு.

முதலில் உதை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வரும், இது எல்லாருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது, குழலிலிருந்து குண்டு மட்டும் வெளியே போவதில்லை என்பதை. எரிந்த வெடிமருந்தும் வாயுவாக, குண்டைவிட வேகமாகக் குழல் முனையில் பீறிட்டு வெளியேறுகிறது. அதுவும் உதையில் சேரும். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 7.82 மி.மீ. மருந்துதான் வேறுபடுகிறது. .308-இல் சுமார் 45 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்), மேக்னத்தில் 70-க்கு மேல். அந்தக் கூடுதல் மருந்துக்கான கூலியைத் தோள்தான் கொடுக்கிறது.

குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்து 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், .243 வின்செஸ்டர் 100 கிரெய்ன் குண்டோடு சுமார் 13 ஜூல் உதைக்கும். 6.5 கிரீட்மோர் 140 கிரெய்னில் 18 ஜூல், 7 மி.மீ-08 ரெமிங்டன் அதே எடையில் 19. 150 கிரெய்ன் போட்ட .308-க்கு 22, 130 கிரெய்ன் போட்ட .270 வின்செஸ்டருக்கு 24. .30-06 கனமான 180 கிரெய்ன் குண்டோடு 30-ஐத் தொடும். .300 மேக்னம் அதே 180 கிரெய்னில் 40-க்குப் போய்விடும். மருந்தையும் கணக்கிடும் முறையையும் பொறுத்து எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் மொத்தப் படம் மாறாது. மேலேயிருந்து கீழே வருவதற்குள் உதை மூன்று மடங்காகிவிடுகிறது.

சுடுகிறவர்கள் மத்தியில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. 20 ஜூலுக்குக் கீழே என்றால் பெரும்பாலானவர்கள் சங்கடமில்லாமல் பயிற்சி எடுக்கலாம். 27 வரை பழகிக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால், நன்றாகச் சுடுகிறவர்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவிடும். இது விதி இல்லை, அனுபவக் கணக்குதான். ஆனால் சுடுதளத்தில் அரை நாள் சும்மா நின்று வேடிக்கை பார்த்தாலே இது ஏன் சொல்லப்படுகிறது என்று புரிந்துவிடும்.

அப்படி ஒருமுறை பார்த்தது. ஒருவர் புத்தம்புது மேக்னத்தை வைத்துக்கொண்டு அட்டையெங்கும் குண்டைத் தெளித்துக்கொண்டிருந்தார். ஸ்கோப்பில்தான் கோளாறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து பெஞ்சிலிருந்த பெரியவர், "கொடுங்க தம்பி, நான் லோட் பண்ணித் தர்றேன்" என்று வாங்கி, நல்ல தோட்டாக்களுக்கு நடுவில் அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத ஒரு போலித் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். மூன்றாவது முறை விசையை இழுத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் குழல் முனை நாலு விரற்கடை கீழே குத்திக்கொண்டு போனது. கண்கள் இறுக மூடியிருந்தன. இடது கை முன்கட்டையை நெரித்துக்கொண்டிருந்தது. வெடிக்காத தோட்டாவுக்கே தோள் முன்னால் பாய்ந்திருந்தது. அப்புறம் அவர் ஸ்கோப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இந்த மிரட்சியில் கவனிக்க வேண்டியது, உண்மையான உதை குறியைக் கெடுப்பதில்லை என்பதை. விசை விடுபட்டதும் குண்டு குழலைக் கடக்க ஓரிரு மில்லி நொடிதான் ஆகும். தோள் உணரும் தள்ளலின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே செய்யும் வேலைதான் குண்டைக் கீழேயும் பக்கத்திலும் இழுக்கிறது. மனஉறுதியால் இதை அடக்கிவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் நம்புவதில்லை. உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டால் அதை மறக்கடிக்க மாதக்கணக்கில் சின்னத் தோட்டா, .22 போன்றது, சுட்டுத்தான் ஆகவேண்டும். கற்றுக்கொடுக்காமல் இருப்பதே சுலபம். சத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. வேட்டைத் துப்பாக்கியின் வெடிச்சத்தம் 150 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேலே காதை மூடும் மஃப் என்று இரண்டையும் போட்டுக்கொண்டால் "உதை குறைந்துவிட்டதே!" என்று சிலர் ஆச்சரியப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம்.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. .308-இன் மருந்து நிரப்பும் கூட்டையே கழுத்தைச் சுருக்கி 6 மி.மீ குண்டுக்கு ஏற்றபடி செய்தார்கள். 100 கிரெய்ன் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும், பாதை நன்றாகத் தட்டையாக இருக்கும், உதை குறைவு. நடுத்தர மான்களுக்கு அருமையான தோட்டா. இதைச் சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் ஏற்ற காலிபர் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காத பேச்சு. நுரையீரலைக் குறிபார்த்துப் போடுகிறவர் யாராக இருந்தால் என்ன? ஆனால் இதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். குண்டு லேசானது என்பதால் தவறான கோணத்தில், தோள்பட்டை எலும்பு வழியாகப் போக வேண்டி வந்தால் தடுமாறும். நரி, முயல் போன்றவற்றுக்காகச் செய்த, பட்டதும் சிதறிப்போகும் குண்டுகளும் இதே காலிபரில் கிடைக்கின்றன. பெட்டியைப் பார்க்காமல் அதை வாங்கி மானைச் சுட்டால் மேலே ஒரு பெரிய புண், உள்ளே ஒன்றுமில்லை. எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்), மூஸ் வேட்டையும் திட்டத்தில் இருந்தால் .243-ஐ நான் சொல்லமாட்டேன்.

அடுத்த படியில் இருப்பவைதான் என் பார்வையில் பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தம். 6.5 கிரீட்மோர், 7 மி.மீ-08, இவற்றுக்கு மூத்தவைகளான 6.5×55 ஸ்வீடிஷ், 7×57 மவுசர். மூத்தவை இரண்டும் 1890-களின் ராணுவத் தோட்டாக்கள். ஸ்காண்டிநேவியாவில் 6.5×55-ஐ வைத்துத் தலைமுறை தலைமுறையாக மூஸ் சுட்டு வருகிறார்கள். 450 கிலோ விலங்கை 6.5 மி.மீ குண்டு சாய்க்குமா என்று விவாதம் நடக்கும்போதெல்லாம் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விஷயம் என்னவென்றால், விட்டம் குறைவாக, நீளம் அதிகமாக இருக்கும் குண்டு ஆழமாக ஊடுருவும், காற்றிலும் வேகத்தை அதிகம் இழக்காது.

கிரீட்மோர் 2007-இல் அறிமுகமானது, முதலில் போட்டிச் சுடுதலுக்காக. 140 கிரெய்ன் குண்டு நொடிக்கு 820 மீட்டரை ஒட்டிப் போகும். வேகத்தில் பிரமாதம் ஒன்றுமில்லை. ஆனால் பக்கக்காற்றில் குறைவாக விலகும், விலை குறைந்த துப்பாக்கிகளில்கூடக் குண்டுகளை நெருக்கமாக ஒரே இடத்தில் போடும், தொழிற்சாலைத் தோட்டா வகைகள் ஏராளம். இதைச் சுற்றி இருக்கும் ஆரவாரம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். 250 மீட்டருக்குள் சுடும் வேட்டைக்காரருக்கு அதன் காற்று மேன்மையால் பெரிய லாபம் இல்லை. அவருக்கு லாபம் உதை குறைவதில்தான்.

1980-இல் வந்த 7 மி.மீ-08-ம் .308-இன் கூட்டிலிருந்து பிறந்ததுதான். இதைப் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை. கிரீட்மோரைவிடக் குண்டு சற்றே அகலம், உதை ஒரு ஜூல் கூடுதல், மானிலிருந்து எல்க் வரை தாராளமாகச் சமாளிக்கும். எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் இதைத்தான் எடுப்பேன். ஒரே குறை, தோட்டா வகைகள் கிரீட்மோருக்கோ .308-க்கோ கிடைப்பதுபோல எல்லா இடத்திலும் கிடைக்காது. தொலைதூர ஊருக்கு வேட்டைக்குப் போய்த் தோட்டாப் பெட்டி வழியில் தொலைந்தால், அந்த ஊர்க் கடையில் .308, .30-06 இருக்க வாய்ப்பு அதிகம்.

7×57-ஐப் பற்றிப் பேசினால் டபிள்யூ. டி. எம். பெல் பெயர் வராமல் இருக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டவர் அவர், அதில் பெரும்பகுதியை இந்தச் சின்னத் தோட்டாவால்தான். சின்னக் காலிபர் போதும் என்று வாதிடுகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது சரிதான். ஆனால் பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர், சிதறாத திடக் குண்டுகளைப் பயன்படுத்தியவர், வருடம் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருந்தவர். இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் யானைக்கு .375-க்குக் குறைந்த காலிபரை எடுக்கவே விடமாட்டார்கள். அவர் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது ஒன்றுதான்: உதை குறைந்த துப்பாக்கியை அவர் விரும்பியதற்குக் காரணம், அதை வைத்துத் துல்லியமாகச் சுட முடிந்தது என்பது.

.308 (1952), .270 (1925), .30-06 (1906) மூன்றும் உலகமெங்கும் வேரூன்றியவை. உதை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. .308-இல் 150 கிரெய்ன் குண்டு 860 மீட்டர் வேகத்தில் போய் மான், பன்றி, எல்க் எல்லாவற்றையும் முடிக்கும். .270 அதைவிடத் தட்டையான பாதை, அதைவிடக் கொஞ்சம் கூர்மையான உதை. .30-06-க்கு இருக்கும் பலம், 125 கிரெய்னிலிருந்து 220 கிரெய்ன் வரை குண்டு கிடைப்பது. லேசான குண்டு போட்டால் .308 அளவுக்கு உதை இறங்கிவிடும், பெரிய விலங்குக்குப் போகும்போது மட்டும் கனமானதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்ய நினைக்கிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு குண்டுக்கும் தனியாக ஜீரோ (ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே குண்டு படும்படி செய்யும் திருத்தம்) சரிபார்க்க வேண்டும் என்ற வேலை மட்டும் உண்டு.

பழைய .30-30-ஐ விட்டுவிட மனசில்லை. 1895-இலிருந்து இருக்கிறது. உதை மிதமானது, காட்டுக்குள்ளே 150 மீட்டருக்குள் மான் சுடுகிறவருக்கு இன்றும் இது போதும். திறந்த வெளியில் வேலைக்கு ஆகாது.

மேக்னங்கள்: 7 மி.மீ ரெமிங்டன் மேக்னம் 1962, .300 வின்செஸ்டர் மேக்னம் 1963. சக்தி இருக்கிறது, மறுக்கவில்லை. 180 கிரெய்ன் குண்டுக்கு .300 கொடுக்கும் குழல் முனைச் சக்தி 4,700 ஜூலுக்கு மேல். ஆனால் அந்தச் சக்தியால் சாதாரண வேட்டைத் தூரத்தில் கிடைப்பது என்ன என்று பாருங்கள். இரண்டு துப்பாக்கியையும் 200 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டு 300-க்குப் போனால், .308-க்கும் .300 மேக்னத்துக்கும் இடையே குண்டு தாழ்வதில் உள்ள வித்தியாசம் ஐந்தாறு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். மிரட்சி வந்த தோள் அதே தூரத்தில் குண்டை முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைக்கும். 400 மீட்டருக்கு அப்பால் எல்க் சுடுகிறவர், வருடத்துக்கு நூற்றுக்கணக்கான தோட்டா சுட்டுப் பழகியவர் என்றால் மேக்னம் வாங்கட்டும். மற்றவர்களுக்கு அது ஆசை, தேவை இல்லை.

துப்பாக்கியின் எடையைச் சொல்லாமல் காலிபரை மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்குதான். உதைச் சக்தி எடைக்கு எதிர்விகிதத்தில் போகும். 3.6 கிலோவில் 22 ஜூல் உதைத்த அதே .308-ஐ, மலையேறுகிறவர்களுக்காகச் செய்யும் 2.7 கிலோ துப்பாக்கியில் போட்டால் 29 ஜூல் ஆகிவிடும். அதாவது கனமான குண்டு போட்ட .30-06-இன் உதை. "இது .308 தானே, லேசாகத்தான் இருக்கும்" என்று இறகு மாதிரி துப்பாக்கியை வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதை முடிவு செய்யுங்கள். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து காத்திருக்கப் போகிறவருக்கு லேசான துப்பாக்கியால் ஒரு பயனும் இல்லை.

அடிக்கட்டையின் நீளம் கைக்குப் பொருந்தவில்லை என்றால் .243-கூட அறையும். மெத்தையான ரப்பர் பேட் வைத்தால் உதையின் கூர்மை மழுங்கும். குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் உதையை நன்றாகவே குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கூட வரும் நண்பரும் வழிகாட்டியும் உங்களைச் சபிப்பார்கள், வேட்டையில் காதடைப்பான் போடாமல் சுட்டால் உங்கள் காதும் போகும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் சைலன்சர் பல மடங்கு மேல். சத்தத்தை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும், உதையையும் தணிக்கும்.

குண்டின் அமைப்பும் கணக்கை மாற்றிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முன்பு ஈயத்துக்கு மேல் தாமிர உறை போட்ட சாதாரணக் குண்டுதான் பெரும்பாலும் கிடைத்தது. அது உடைந்தாலும் உள்ளே போகட்டும் என்று கனமான குண்டும் பெரிய காலிபரும் தேடினார்கள். இப்போது முழுத் தாமிரக் குண்டும், உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த குண்டும் தங்கள் எடையைப் பெரும்பாலும் இழக்காமல் ஆழமாகப் போகின்றன. ஒரு காலிபர் கீழே இறங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. தாமிரக் குண்டு விரிய வேகம் வேண்டும் என்பதால் தூரம் அதிகமானால் மட்டும் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைச் சில இடங்களில் சட்டமே சொல்லிவிடும். ஜெர்மனியில் சின்னதான ரோ மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் இருந்தால் போதும். சிவப்பு மான், காட்டுப்பன்றி போன்றவற்றுக்குக் குறைந்தது 6.5 மி.மீ விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும். ஆக .243 அங்கே பன்றிக்கு ஆகாது, எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் சரி. இங்கிலாந்தில் பெரிய மான்களுக்கு .240 அங்குலம் கீழ்வரம்பு, அதனால் .243 தப்பிக்கிறது. ஸ்வீடனில் மூஸுக்குக் குண்டின் எடையையும் 100 மீட்டர் சக்தியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எங்கே வேட்டையாடப் போகிறீர்களோ அந்த இடத்து விதியைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலைச் சுருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துபார்க்க முடிந்தால் நல்லது. நண்பரிடமோ சுடுதளத்திலோ இரண்டு காலிபர்களை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பெஞ்சில் சாய்ந்து சுடாதீர்கள், அங்கே உதை முழுக்கத் தோளில் இறங்கும், வேட்டையில் பெஞ்சும் கிடைக்காது. 20 சென்டிமீட்டர் வட்டமான அட்டையை, மானின் உயிர்நிலையளவு, 100 மீட்டரில் வைத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, ஊன்றுகோலில் சாய்த்து என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். பத்தில் ஒன்பது உள்ளே விழுந்தால் 150-க்கு, 200-க்கு நகர்த்துங்கள். அது நின்றுபோகும் தூரம்தான் அந்தக் காலிபரில் உங்கள் தூரம். ஒரு காலிபரில் 220 மீட்டரும் இன்னொன்றில் 140 மீட்டரும் வந்தால், இரண்டாவதன் அட்டவணை எத்தனை ஜூல் காட்டினாலும் எனக்கு அக்கறையில்லை. சோதனையின் கடைசியில் சுட்ட தோட்டாக்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நன்றாக இருந்து கடைசி ஐந்து சிதறியிருந்தால், அந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் நீங்கள் பயிற்சி எடுக்கமாட்டீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் ஒரு .30-06-ஓ .300 மேக்னமோ இருக்கிறது, அப்பாவுடையது, விற்க மனம் வராது என்கிறவர்களும் உண்டு. விற்க வேண்டாம். .30-06, .308 போன்ற பிரபலமான காலிபர்களுக்கு உதை குறைத்த தோட்டாக்களைத் தொழிற்சாலைகளே செய்கின்றன. அதில் தொடங்குங்கள். நல்ல ரப்பர் பேட் ஒன்றை மாட்டி, அடிக்கட்டையை உங்கள் கை நீளத்துக்குச் சரிசெய்யுங்கள். பயிற்சியின் பெரும்பகுதியை ஒரு .22-இல் வைத்துக்கொண்டு, பெரிய துப்பாக்கியில் ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் போகாதீர்கள். போலித் தோட்டாவை நண்பர் கையில் கொடுத்து, எப்போது செருகுகிறார் என்று உங்களுக்குச் சொல்லாமல் செருகச் சொல்லுங்கள். 'டிக்' என்று கேட்கும்போது குழல் முனை அசையாமல் நிற்கத் தொடங்கினால், கனமான தோட்டாவுக்குப் போகலாம்.